சிறிய மரப்படகுக்கு ட்ரெய்லர் அமைப்பது: அளவெடுப்பதில் இருந்து தண்ணீரில் இறக்குவது வரை

வீடு வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ இருக்கும். படகு இறங்கும் தண்ணீர் பொல்கொடையிலோ நீர்கொழும்புக் களப்பிலோ இருக்கும். இடையில் உள்ள வீதி, அதன் குழிகள், வேகத்தடைகள் எல்லாமே படகுக்குத் தண்ணீரை விடக் கடினமானவை. தண்ணீர் அடிப்பகுதி முழுவதையும் ஒரே சீராகத் தாங்கும். ட்ரெய்லர் ஏழெட்டு இடத்தில் மட்டும்தான் தாங்கும். அந்த இடங்கள் பிழைத்தால் பலகை இணைப்புகள் திறக்கும், ஆணிகள் இளகும், ஒட்டுப்பலகைப் படகென்றால் மூலைகளில் ஒட்டிய இழைத்துணி பிரியும்.

ஃபைபர் படகுக்குச் செய்த ட்ரெய்லரில் மரப்படகை அப்படியே தூக்கி வைப்பது இங்கே அதிகம் நடக்கிறது. அந்த ட்ரெய்லர்களில் பெரும்பாலும் பக்கத்துத் தாங்கிகளே பாரத்தைச் சுமக்கும். ஃபைபர் உடல் ஒரே வார்ப்பு என்பதால் அதைச் சமாளித்துக்கொள்ளும். மரப்படகின் பலமோ ஏராவிலும் (அடியில் நீளவாக்கில் ஓடும் நடுக்கட்டை) வங்குகளிலும் (பலகைகளைப் பிடிக்கும் விலாச்சட்டங்கள்) இருக்கிறது. இரண்டு வங்குகளுக்கு நடுவே உள்ள பலகை, பாரம் தாங்கச் செய்யப்பட்ட பகுதி அல்ல. ஆகவே மரப்படகு ட்ரெய்லரில் பாரம் முழுவதும் ஏராவில் இறங்க வேண்டும். பக்கத் தாங்கிகளின் வேலை படகு சரியாமல் பிடிப்பது மட்டுமே. கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

முதலில் படகை நிறுங்கள்

இங்கே எடுத்துக்காட்டாக 4 மீட்டர், அதாவது ஏறக்குறைய 13 அடி நீளமான ஒட்டுப்பலகைப் படகையும் 15 குதிரைவலு எஞ்சினையும் வைத்துக்கொள்வோம். உங்கள் படகுக்கு எண்கள் மாறும், கணக்கு மாறாது.

வீட்டில் ஆள் நிறை பார்க்கும் தராசு போதும். படகை ஏரா மட்டமாக இருக்கும்படி இரண்டு இடத்தில் தாங்குங்கள்: ஒன்று பின்பலகைக்கு (படகின் பின்முனையை மூடும் பலகை) நேர் கீழே, மற்றது அணியப் பக்கமாக, அதாவது முன்முனைப் பக்கமாக, 3.5 மீட்டர் தள்ளி. தராசை ஒரு முனையிலும் அதே உயரக் கட்டையை மறுமுனையிலும் வைத்து நிறையைக் குறித்துக்கொண்டு, பிறகு இடம் மாற்றுங்கள். வீதியில் போகும்போது படகில் எது இருக்குமோ அதுவெல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். எஞ்சின் பின்பலகையில் போகப்போகிறதென்றால் பின்பலகையிலேயே மாட்டி நிறுக்க வேண்டும். 25 லீற்றர் பெற்றோல் மட்டுமே 18 கிலோவுக்கு மேல் வரும், அதை மறந்துவிடாதீர்கள்.

பின்னால் 110 கிலோ, முன்னால் 50 கிலோ என்று வந்தால் மொத்தம் 160. ஈர்ப்பு மையம் பின்பலகையில் இருந்து 50 × 3.5 ÷ 160, அதாவது 1.09 மீட்டர் முன்னே. இந்த ஒரு எண்ணைத் தெரியாமல் அச்சை எங்கே வைப்பதென்று எந்த வெல்டிங் பாஸாலும் சொல்ல முடியாது. கண்மதிப்பில் நடுவில் வைத்துவிடுவார்கள்.

அச்சு எங்கே வரும்

இழுக்கும் வாகனத்தின் கொழுவியில் இறங்கும் பாரம் மொத்த நிறையில் 5 முதல் 10 வீதம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் இடமும் வலமும் வீசத் தொடங்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசத் தொடங்கிய ட்ரெய்லரை ப்ரேக் அடித்து நிறுத்தப் பார்த்தால் வாகனத்தையே திருப்பிப் போட்டுவிடும். கூடினால் வாகனத்தின் பின்பக்கம் அமிழ்ந்து முன்சில்லுகளின் பிடி தளரும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு: ட்ரெய்லர் 130 கிலோ, படகு 160 கிலோ, மொத்தம் 290. கொழுவிப் பாரம் 22 கிலோ வைத்தால் 7.6 வீதம், நல்ல இடம். அச்சில் இருந்து கொழுவி வரை 3.9 மீட்டர். வெறும் ட்ரெய்லரின் முன்பாரத்தை நிறுத்துப் பார்த்தால் 8 கிலோ வருகிறது என்று வைப்போம். படகு கொடுக்க வேண்டிய மீதி 14 கிலோ. 14 × 3.9 ÷ 160 = 0.34 மீட்டர். படகின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 34 சென்ரிமீட்டர் முன்னே வர வேண்டும். அப்படியானால் பின்பலகை அச்சுக்கு 75 சென்ரிமீட்டர் பின்னே நிற்கும், அணியம் 3.25 மீட்டர் முன்னே வரும், அணியத்துக்கும் கொழுவிக்கும் இடையில் 65 சென்ரிமீட்டர் மிஞ்சும்.

இந்த மிச்ச இடத்தைப் பலர் சுருக்கிவிடுகிறார்கள், ட்ரெய்லர் வீட்டுக் கேற்றுக்குள் போகவேண்டும் என்பதற்காக. 50 சென்ரிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். ஒடுங்கிய ஒழுங்கைக்குள் முழுதாகத் திருப்பும்போது அணியம் வாகனத்தின் பின்மூலையில் இடிக்கும். பின்கதவையும் திறக்க முடியாது. இடம் உண்மையிலேயே போதாதென்றால் இழுவைக்கம்பின் முன்துண்டைக் கழற்றக்கூடியதாகச் செய்யலாம்: உள்ளே செருகும் குழாய், குறுக்கே இரண்டு 12 மில்லிமீட்டர் போல்ட்.

அச்சை வெல்ட் செய்து நிரந்தரமாக்க வேண்டாம். யு போல்ட்டில் பிடித்தால் 10 சென்ரிமீட்டர் முன்பின் நகர்த்தலாம். எஞ்சின் மாறும், சாமான் கூடும், அப்போது இது உதவும். நகர்த்திய பின் கொழுவியில் இருந்து அச்சின் இரு முனைக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ட்ரெய்லர் கோணலாக ஓடி டயரைத் தின்னும்.

சட்டகம்

நடுக்கம்பு 75 × 50 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்பு. குறுக்குக் கம்பிகள் 50 × 50. இரும்பு, போல்ட், நட் பழைய சோனகத் தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். அச்சுப் பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை.

பெட்டிக் குழாயா, சி வடிவ இரும்பா என்பதில் எங்கள் தெரிவு சி வடிவம். பெட்டிக் குழாய்க்குள் உவர்நீர் புகுந்தால் வெளியே வராது. வெளியே பெயின்ற் பளபளக்க உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். சி வடிவத்தைக் குழாய்நீரால் கழுவலாம், துருவைக் கண்ணால் பார்க்கலாம். முறுக்குக்குப் பலம் பெட்டிக் குழாயை விட மிகக் குறைவென்பது உண்மை, அதற்குக் குறுக்குக் கம்பிகளைக் கூட்ட வேண்டும்.

வெல்டிங் முழுதும் முடித்து, துளைகள் எல்லாம் போட்ட பிறகுதான் உருகிய துத்தநாகத்தில் முக்கும் கல்வனைஸுக்கு அனுப்ப வேண்டும். பின்னர் போடும் ஒவ்வொரு துளையும் துரு தொடங்கும் வாசல். மூடிய குழாய் ஏதும் இருந்தால் இரு முனையிலும் காற்றுப்போக்கித் துளை கட்டாயம். உள்ளே அடைபட்ட ஈரம் கொதிநிலையில் ஆவியாகிக் குழாயை வெடிக்க வைக்கும்.

ட்ரெய்லருக்கும் பதிவு தேவை. வெல்டிங் தொடங்க முன்பே நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்னென்ன ஆவணம், என்னென்ன அளவு என்று கேட்டுவிடுங்கள். உங்கள் வாகனத்தின் கையேட்டில் ப்ரேக் இல்லாத ட்ரெய்லர் எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்றிருக்கும். அந்த எண்ணைத் தாண்டாதீர்கள்.

சில்லும் பெயரிங்கும்

ஓட்டோ சில்லு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் சிறிய சில்லு அதிக சுற்றுச் சுற்றும், சூடாகும், குழியில் ஆழமாக விழும். 12 அங்குலக் கார் சில்லு நல்லது. 145/80 ஆர் 12 அளவு டயர் சிறிய கார்களில் ஓடுவதால் வழியில் பழுதானாலும் மாற்று கிடைக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ட்ரெய்லர் டயர் தேய்வதற்கு முன் வெயிலில் வெடித்துப் பழசாகும், ஆகவே பூ நிறைய இருக்கிறதென்று பழைய டயரை வாங்காதீர்கள்.

விற்பனையில் பெரும்பாலும் அகப்படுவது 1000 கிலோ தாங்கும் இலைவில் (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்). பலமானது நல்லது என்று அதைப் பூட்டினால் 290 கிலோவுக்கு அது வளையவே வளையாது. வேகத்தடையின் அடி முழுதும் படகுக்கே போகும். மொத்தம் 500 கிலோவுக்கான வில்லோ ரப்பர் சஸ்பென்ஷனோ போதும்.

ட்ரெய்லர் வழியில் நிற்பதற்கு முதற் காரணம் பெயரிங். ஓடி வந்த சூட்டோடு சில்லைத் தண்ணீருக்குள் இறக்கினால் ஹப்புக்குள் (சில்லின் நடுக்குடம்) உள்ள காற்று சடுதியாகச் சுருங்கி, ஒயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். உவர்நீர் புகுந்த பெயரிங் அடுத்த வாரமே உறுமத் தொடங்கும். பூட்டும் முறை இது: தண்ணீருக்குத் தாங்கும் கிறீஸை உருளைகளின் இடுக்கு வழியே மறுபக்கம் வெளிவரும் வரை உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்றுங்கள். ஹப்பைப் போட்டு, சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுற்று கனக்கத் தொடங்கியதும் கால் சுற்றுத் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, ஊசி போகும் அடுத்த துளைக்குத் தளர்த்தி, புதிய ஸ்பிளிட் பின் போடுங்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் தெரிந்தும் தெரியாமலும் ஓர் அசைவு இருக்க வேண்டும். அசைவே இல்லையென்றால் இறுக்கம் கூடிவிட்டது, சூடாகி இறுகிப்போகும்.

பழைய கிறீஸ் வெளுத்துப் பால்நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மேலே புதுக் கிறீஸ் அடிப்பதில் பயனில்லை. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, சீலை மாற்றித்தான் பூட்ட வேண்டும்.

படகு உட்காரும் இடம்

இந்த வேலைக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் பிழைப்பது இங்கேதான்.

ஏராவுக்கு 4 ரோலர். முதலாவது பின்பலகைக்கு நேர் கீழே வர வேண்டும், ஒரு சாண் முன்னேயும் அல்ல. பின்பலகை தாங்கலுக்கு வெளியே தொங்கினால் எஞ்சின் நிறை ஒவ்வொரு குழியிலும் அதைக் கீழே இழுத்து, ஏராவையே வளைத்துவிடும். மற்ற மூன்றும் வங்குகளுக்குக் கீழே, ஒன்றுக்கொன்று ஒரு மீட்டருக்குள். அணியப் பக்க ரோலர், ஏரா மேல்நோக்கி வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னே நின்றால் போதும்.

ஏரா நேர்கோடென்று நம்பி எல்லா ரோலரையும் ஒரே மட்டத்தில் வைப்பது பெரிய பிழை. பல படகுகளின் ஏராவுக்கு மெல்லிய வளைவு உண்டு. படகைத் திருப்பிக் கவிழ்த்து, ஏராவின் இரு முனையிலும் ஒரே உயரக் கட்டை வைத்து, மேலே நூலை இழுத்துக் கட்டுங்கள். 50 சென்ரிமீட்டருக்கு ஒருமுறை நூலுக்கும் ஏராவுக்கும் இடைவெளியை அளந்து எழுதுங்கள். அதே வேறுபாட்டை ரோலர்களின் உயரத்தில் கொண்டுவாருங்கள். படகை ஏற்றிய பின் நான்கு ரோலரையும் கையால் சுற்றிப் பாருங்கள். எதுவும் இலகுவாகச் சுற்றக்கூடாது. ஒன்று சுலபமாகச் சுற்றினால் அது பாரம் எடுக்கவில்லை, அதன் பங்கைப் பக்கத்து ரோலர் சுமக்கிறது.

ரோலரின் நடுப்பள்ளம் ஏராவின் அகலத்தை விடப் பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். கறுப்பு ரப்பர் வெள்ளைப் பெயின்றில் தடம் விடும், பொலியூரித்தேன் விடாது.

பக்கத் தாங்கிக்குப் பலா அல்லது தேக்குச் சட்டம், 100 × 50 மில்லிமீட்டர், ஒரு மீட்டர் நீளம். இரண்டு அல்லது மூன்று வங்குகளின் மீது படும்படி வையுங்கள். படகு ஏரா ரோலர்களில் மட்டமாக நிற்க, சட்டத்தை மெல்ல உயர்த்தி, பலகையைத் தொட்ட இடத்தில் இருந்து 2 மில்லிமீட்டர் மட்டும் மேலே கொண்டுபோய் இறுக்குங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் படகு ஏராவில் இருந்து எழுந்து பலகையில் உட்காரத் தொடங்கும். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் படகென்றால் நேரான சட்டம் அந்த ஓரங்களை மட்டும் தொட்டு நசுக்கும். சட்டத்தின் மேற்பக்கத்தைப் படிபடியாகச் செதுக்கிப் பொருத்த வேண்டும். போல்ட் தலைகளைச் சட்டத்துக்குள் 10 மில்லிமீட்டர் பதித்துவிடுங்கள். மேலுறை தேய்ந்த நாளில் அவை படகைத் துளைக்கும்.

மேலுறைக்குக் கார்ப்பெற் போடுவது வெளிநாட்டு வழக்கம். கொழும்பு ஈரத்தில் அது சரிவராது. நாட்கணக்கில் நனைந்தே கிடந்து, தொடும் இடத்தில் பலகையை உக்க வைக்கும். 10 மில்லிமீட்டர் தடித்த பொலித்தீன் பட்டையை நாங்கள் விரும்புகிறோம். ஈரம் பிடிக்காது. ஆனால் வழுக்கும்: விஞ்ச் (படகை இழுத்து ஏற்றும் கைச்சுற்றி) கொழுவியைக் கழற்றிய கணத்தில் படகு பின்னே ஓடிவிடும். தண்ணீர் பின்பலகையைத் தொடும் வரை கழற்றாதீர்கள்.

விஞ்ச், கொழுவி, சங்கிலி

அணியம் முட்டும் வி வடிவ ரப்பர், அணியத்து வளையத்துக்கு மேலே வர வேண்டும். அப்போதுதான் வளையம் ரப்பரின் கீழே அகப்பட்டு, குழியில் படகு மேலே துள்ளாது. கம்பிக் கயிறு பிரிந்து கையைக் கிழிக்கும், 50 மில்லிமீட்டர் நாடா போதும். விஞ்ச் படகை ஏற்றுவதற்கு மட்டுமே. அதன் பல் ஒன்று உடைந்தாலும் படகு நிற்கும்படி அணியத்துக்குத் தனி நாடா ஒன்று கட்டுங்கள்.

வாகனத்தில் ட்ரெய்லரைப் பூட்டும் இழுவைப் பந்தின் அளவை அதன் மேலே பொறித்திருப்பார்கள். 50 மில்லிமீட்டர், 2 அங்குலம் (50.8), ஒன்றே முக்கால் அரைக்கால் அங்குலம் (47.6) என்று மூன்று வகை புழக்கத்தில் உண்டு. 50 மில்லிமீட்டர் பிடிக்குள் 47.6 பந்து பூட்டியது போலவே இருக்கும், வேகத்தடையில் கழன்றுவிடும். பூட்டியதும் ட்ரெய்லரின் முன்பக்கத்தை இழுவைக்கம்பில் உள்ள சிறுசில்லு ஜக்கால் உயர்த்திப் பாருங்கள்; வாகனத்தின் பின்பக்கமும் சேர்ந்து எழவேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் இழுவைக்கம்புக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கவிட்டுக் கொழுவுங்கள். கொழுவி கழன்றால் கம்பு வீதியில் குத்தாமல் அந்தக் குறுக்கில் தங்கும்.

லைட்

7 ஊசிப் பிளக் வழக்கமானது. மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு ப்ரேக், மண்ணிறம் வலது பின்லைட், கறுப்பு இடது பின்லைட், வெள்ளை ஏர்த், நீலம் பின் மூடுபனி லைட். இங்கே நீலம் தேவைப்படாது. ட்ரெய்லர் லைட் கோளாறுகளில் பெரும்பாலானவை ஏர்த் கோளாறு. சட்டகத்தை ஏர்த்தாக நம்பாமல் ஒவ்வொரு லைட்டுக்கும் வெள்ளை வயரைத் தனியே இழுத்துவிடுங்கள். சிக்னல் போடும்போது பின்லைட்டும் சேர்ந்து மினுங்கினால் ஏர்த் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். லைட்டுகளை ஒரு பலகையில் பூட்டி, பின்பலகையில் மாட்டிக் கழற்றும்படி வைத்தால் அவை தண்ணீருக்குள்ளேயே போகாது.

கட்டுவதும் முதல் ஓட்டமும்

பின்பலகையின் இரு மூலையில் இருந்தும் சட்டகத்துக்கு 25 மில்லிமீட்டர் ரெச்செற் நாடா. படகின் நடுவே குறுக்காக நாடா போட்டு முறுக்குவது மரப்படகின் மேல்விளிம்பை உள்ளே நெருக்கும். போட்டேயாக வேண்டுமென்றால் உட்கார் பலகைக்கு நேரே போட்டு, கையால் இழுத்த இறுக்கத்தோடு விடுங்கள். எஞ்சினைக் கழற்றி வாகனத்துக்குள் வைப்பது பின்பலகைக்கு மிக நல்லது. அப்படிச் செய்தால் கொழுவிப் பாரக் கணக்கையும் மறுபடி போடுங்கள், ஏனென்றால் ஏறக்குறைய 36 கிலோ பின்னால் இருந்து போய்விடுகிறது.

முதல் ஓட்டம் ஞாயிறு அதிகாலையில் நல்லது. 10 கிலோமீட்டரில் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடென்றால் பெயரிங் இறுக்கம். 50 கிலோமீட்டரில் சில்லு நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். நெரிசலில் மோட்டார் சைக்கிள்கள் இடப்பக்கமாக நுழையும். ட்ரெய்லர் வளைவில் உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இடது திருப்பத்துக்கு முன்பே சிக்னலைப் போட்டு, அகலமாக எடுத்து, இடக் கண்ணாடியைப் பார்த்தபடி திருப்புங்கள்.

இறங்குதுறையை அடைந்ததும் 20 நிமிடம் ஹப்புகளை ஆறவிடுங்கள். அந்த நேரத்தில் லைட் பிளக்கைக் கழற்றுங்கள், பின் நாடாக்களை அவிழுங்கள், அடித்துளை அடைப்பானை இறுக்குங்கள். கொழும்புக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே தண்ணீர்க்கோடு இறங்குதுறையில் எப்போதும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்று, பாசி தடித்துப்போயிருக்கும். வாகனத்தின் பின்சில்லுகள் பாசிக்கு மேலேயே நிற்கட்டும்.

வீட்டில் நிறுத்தும்போது

ட்ரெய்லரையும் வில்லையும் ஹப்பையும் குழாய்நீரால் கழுவுங்கள். அடைப்பானைக் கழற்றி, அணியத்தை உயர்த்தி நிறுத்துங்கள். இதை மறந்தால் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: படகின் உட்பரப்பு 4 சதுர மீட்டர், ஒக்டோபர், நவம்பர் மாதத்து இடிமழை 10 சென்ரிமீட்டர் நின்றால் 400 லீற்றர், அதாவது 400 கிலோ. 160 கிலோவுக்குச் செய்த தாங்கிகளில் இரவோடிரவாக அது இறங்கும். மழைநீர் உவர்நீரை விட வேகமாக மரத்தை உக்க வைக்கும் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

படங்கை மேலே இறுக்கி ஒட்டக் கட்டாதீர்கள். நடுவே ஒரு கம்பு கொடுத்து, இருபுறமும் காற்றுப் போக இடம்விட்டுக் கூடாரமாக இழுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பலகைப் படகென்றால் மார்ச் வெயிலில் இணைப்புகள் காய்ந்து திறக்கும். நிழலில் நிறுத்துவதே அதற்கு வழி. நீண்ட நாள் நிற்குமென்றால் அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்து டயரைத் தரையில் இருந்து தூக்கிவிடுங்கள், மாதம் ஒருமுறை சில்லுகளைக் கையால் சுற்றிவிடுங்கள்.